சுவரை உடைக்கும் முன்: ஈரம் பற்றிய வாசகர் கேள்விகள்

மாரி தொடங்கிய நாளிலிருந்து இப்பகுதிக்கு வந்துசேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுவர் ஈரத்தைப் பற்றியவை. திருகோணமலை நகரிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் எழுதிய ஆறு பேரின் கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் சுவரை எங்கே உடைப்பது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே என்பதற்கு முன்னர் எப்போது என்று கேட்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கிறேன். ஈரம் எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில், வீட்டில் எதைப் பயன்படுத்திய பின்னர் கூடுகிறது என்பதை ஒரு வாரம் பொறுமையாகக் குறித்து வைத்தவருக்கு உடைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்கு உடைக்க வேண்டிய தேவையே இல்லாமற் போகும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நால்வர் இருக்கிறோம். மாதம் 18 அலகு அளவில் இருந்த நீர்ப் பாவனை, கடந்த இரண்டு மாதங்களாக 30 அலகு என்று பட்டியலில் வருகிறது. சுவரிலோ தரையிலோ ஈரம் எதுவும் தெரியவில்லை. மீற்றர் பழுதா, எங்கேனும் கசிவா? – வாசகி, உவர்மலை

பதில்: ஓர் அலகு என்பது ஒரு கனமீற்றர், அதாவது 1000 லீற்றர். உங்கள் வீட்டில் மேலதிகமாகப் போவது மாதம் 12,000 லீற்றர், நாளுக்கு 400 லீற்றர். நிமிடக் கணக்கில் பார்த்தால் 280 மில்லிலீற்றருக்குக் கிட்டத்தான் வரும். ஒரு பெரிய தேநீர்க் கோப்பையளவு நீர். இரவும் பகலும் ஓயாமல் ஒழுகுவதால் இவ்வளவு சிறிய ஒழுக்கும் பட்டியலில் பெரிய தொகையாக வந்து நிற்கிறது. நிலத்துக்குக் கீழே போகும் குழாயிலோ மலசலகூடத் தாங்கியிலோ இது நடந்தால், சுவரில் ஒரு பொட்டு ஈரத்தையும் நீங்கள் காணமாட்டீர்கள்.

மீற்றரைக் குறை சொல்வதற்கு முன்னர் அதைக் கொண்டே சோதியுங்கள். அதன் முகப்பில் கறுப்பு இலக்கங்கள் கனமீற்றரைக் காட்டும். சிவப்பு இலக்கங்களும் சிவப்பு முள்ளும் அதன் பின்னங்களைக் காட்டும். பெரும்பாலான மீற்றர்களில் நட்சத்திர வடிவிலோ முக்கோண வடிவிலோ ஒரு சிறு சக்கரமும் இருக்கும். மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அசைவது அதுதான். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னரும் அந்தச் சக்கரம் சுற்றினால் மீற்றருக்குப் பின்னால் எங்கோ நீர் போய்க்கொண்டிருக்கிறது என்பது உறுதி.

நம்மூர் வீடுகளில் இந்தச் சோதனையை ஒரே தடவையில் செய்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வரும் நீர் மீற்றரைத் தாண்டி முதலில் மேல்தாங்கிக்கு ஏறுகிறது. அங்கிருந்துதான் குளியலறைக்கும் சமையலறைக்கும் இறங்குகிறது. தாங்கிக்குள் மிதவை வால்வு இருப்பதால், தாங்கிக்குக் கீழேயுள்ள கசிவு மீற்றரில் உடனே தெரியாது. நீர்மட்டம் சற்று இறங்கி மிதவை திறக்கும்போதுதான் மீற்றர் ஓடும். ஆகவே குழாய்த் தொகுதியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் தாங்கிக்குள் நீர் நுழையும் வால்வை மூடிவிட்டு மீற்றரை ஒரு மணித்தியாலம் கவனியுங்கள். அப்போதும் அது ஓடினால், கசிவு மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையிலான குழாயில், அல்லது அதிலிருந்து நேரடியாகப் பிரியும் முற்றத்துக் குழாயில் இருக்கிறது.

மீற்றர் அசையாது நின்றால் இரண்டாவது பாதிக்கு வாருங்கள். இரவு எல்லோரும் உறங்கப் போகும் வேளையில் தாங்கியை நிரப்பி, நுழைவாய் வால்வை மூடி, நீர்மட்டத்தை உட்சுவரில் பென்சிலால் குறியுங்கள். விடிந்ததும், யாரும் முகம் கழுவுவதற்கு முன்னர், மட்டத்தைப் பாருங்கள். குறுக்களவு 1.1 மீற்றர் உள்ள உருளைத் தாங்கியில் நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 9.5 லீற்றர் போயிருக்கிறது என்று கணக்கிடலாம். உங்கள் வீட்டுக் கணக்கின்படி எட்டு மணித்தியாலத்தில் 130 லீற்றருக்குமேல் போக வேண்டும். அதாவது 14 சென்ரிமீற்றரளவு இறக்கம். அது கண்ணுக்குத் தப்பாது.

மட்டம் இறங்கியிருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன்னர் மலசலகூடத்தின் நீர்த்தாங்கியைச் சோதியுங்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கரைத்து அதற்குள் ஊற்றி, அரை மணித்தியாலம் யாரையும் பயன்படுத்த விடாதீர்கள். கொமட்டின் உள்ளே நீலம் தெரிந்தால், தாங்கியின் அடியிலுள்ள றப்பர் மூடி தேய்ந்துவிட்டது. சுவருக்குள் கசிவு என்று அஞ்சிய பல வீடுகளில் களவு போன நீர் இந்த வழியாகத்தான் சத்தமின்றிப் போயிருக்கிறது. றப்பர் மூடியை மாற்ற அரை மணித்தியாலம் போதும். நீலம் தெரியாவிட்டால் ஒவ்வொரு குளியலறைக்கும் உரிய வால்வை ஓரோர் இரவு மூடி, எந்த இரவில் மட்டம் இறங்காமல் நிற்கிறது என்று பாருங்கள். கசிவு எந்த அறைக்குரியது என்பது அந்த இரவில் தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீடு சுனாமிக்குப் பின்னர் பழைய அத்திவாரத்தின் மேல் கட்டப்பட்டது, கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்தால் தை வரை, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குச் சுவர்கள் நனைந்து, பெயின்ற் பொருமி உதிர்கிறது. வெள்ளையாக உப்பும் பூக்கிறது. குழாய் உடைந்திருக்கிறது, சுவரைக் கொத்த வேண்டும் என்று வேலையாள் சொல்கிறார். கொத்த விடலாமா? – வாசகர், அலஸ்தோட்டம்

பதில்: தயவுசெய்து இப்போது கொத்த விடாதீர்கள். குழாய்க்குள் அழுத்தத்தோடு நிற்கும் நீர் ஐப்பசியென்றும் சித்திரையென்றும் பார்த்துக் கசிவதில்லை. உடைந்த குழாய் கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்திலும் அதே சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் சுவர் மாரியில் நனைந்து கோடையில் காய்கிறது என்பதும், ஒரு சுவர் மட்டுமன்றிப் பல சுவர்கள் ஒரே உயரத்துக்கு நனைகின்றன என்பதும் வேறு காரணங்களைச் சுட்டுகின்றன.

முதற் காரணம் நிலத்திலிருந்து ஏறும் ஈரம். சீமெந்துக் கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நிலத்தடி நீரை மேலே இழுக்கின்றன. அது வழமையாக ஒரு மீற்றர் உயரம் வரை, சில சுவர்களில் அதற்குச் சற்று மேலும் ஏறும். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில் போட வேண்டிய ஈரத்தடுப்புப் படை, மேசன்மார் டி.பி.சி. என்று சொல்வது, போடப்படாமலோ பழைய அத்திவாரத்தின் மேல் அவசரமாகக் கட்டியபோது விடுபட்டோ இருந்தால் இது நடக்கும். கடற்கரை மணலில் மாரிக்கு நிலத்தடி நீர் மட்டம் நன்றாக உயர்வதும் இதற்குத் துணைபோகிறது.

இரண்டாவது காரணம் உப்பு. கடலோர வாசிகளாகிய நாம் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். மாரிகாலத்தில் சமையலறை உப்புச்சாடி நசநசத்து, அடியில் நீர் தேங்குவதை நம் வீடுகளில் பார்க்காதவர் இல்லை. சாடிக்கு யாரும் நீர் ஊற்றவில்லை. உப்பு காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. சோடியம் குளோரைட்டு, காற்றின் சார் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டு அதற்கும் மிகக் குறைந்த ஈரப்பதனிலேயே அவ்வாறு செய்யும். கழுவாத கடல் மணலைச் சாந்தில் கலந்திருந்தாலோ, நிலத்திலிருந்து ஏறிய உவர் நீர் பல ஆண்டுகளாகச் சுவரில் காய்ந்து உப்பை விட்டுச் சென்றிருந்தாலோ, அந்தச் சுவரும் ஓர் உப்புச்சாடிதான். வாடைக்காற்றில் அது நனையும், கச்சானில் காயும். குழாயே இல்லாத சுவரிலும் இது நிகழும்.

எது உங்கள் வீட்டுக்குரியது என்பதை மூன்று எளிய சோதனைகளால் அறியலாம். முதலாவது, முழத்துக்கு முழம் அளவான தெளிந்த பொலித்தீன் தாளை ஈரமான இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள்கள் விடுங்கள். தாளின் வெளிப்புறத்தில், அறையை நோக்கிய பக்கத்தில், துளி படிந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் ஒடுங்கியது. உட்புறத்தில் துளி திரண்டால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளுக்கு அடியிலுள்ள பகுதி சுற்றுப்புறத்தைவிட உலர்ந்து தெரிந்தால், அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து இழுப்பது உப்பாக இருக்கலாம்.

இரண்டாவது சோதனை அந்த ஐயத்தை உறுதிப்படுத்தும். சுவரின் பூச்சைச் சுரண்டி எடுத்த தூளை வெயிலில் நன்றாகக் காய வைத்து, ஒரு தட்டில் பரப்புங்கள். அருகில் மற்றொரு தட்டில் நன்கு கழுவிக் காய வைத்த ஆற்று மணலைப் பரப்புங்கள். மழை பெய்யும் மாலையில் இரண்டையும் கூரைக்குக் கீழே, காற்றுப் படும்படி, விடியும்வரை வையுங்கள். மணல் உலர்ந்திருக்கப் பூச்சுத் தூள் மட்டும் ஈரமாகி ஒட்டினால், உப்பைத் தவிர வேறெதையும் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாவது, சுவரின் ஆழத்தை விசாரிப்பது. துளைக்கும் கருவியால் 2 சென்ரிமீற்றர், 5 சென்ரிமீற்றர், 8 சென்ரிமீற்றர் ஆழங்களில் தூளை எடுத்து வேறுவேறாக மூடிய போத்தல்களில் இடுங்கள். ஆய்வுகூடங்களில் இத்தகைய மாதிரியை நிறுத்து, 105 பாகை செல்சியசில் உலர்த்தி, மீண்டும் நிறுத்து, குறைந்த நிறையை நீரின் நிறையாகக் கொள்வார்கள். நகைக்கடைத் தராசு போன்ற நுண்ணிய தராசும் ஓர் அடுப்பும் கிடைத்தால் இதை வீட்டிலும் செய்யலாம். பரப்பு நனைந்தும் உள்ளே உலர்ந்தும் இருந்தால் ஈரம் காற்றிலிருந்து வந்தது. உள்ளே போகப்போக ஈரம் கூடினால் நிலத்தையோ குழாயையோ சந்தேகிக்கலாம். அப்போதும், முதற் பதிலில் சொன்ன இரவுச் சோதனையில் தாங்கியின் மட்டம் இறங்காவிட்டால், நீர்க்குழாய் குற்றமற்றது.

இத்தகைய சுவர்களுக்குப் பலர் செய்யும் ஒரு தவறை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. நனைந்த பகுதியின் பூச்சை எடுத்துவிட்டு, நீர்புகாத சீமெந்துப் பூச்சை இடுப்பளவுக்குப் பூசுகிறார்கள். வெளியேற வழியடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னால் மேலும் ஏறி, அடுத்த மாரியில் நெஞ்சளவு உயரத்தில் வெளிப்படுகிறது. ஈரத்தடுப்புப் படையைச் சீர்செய்வதும், சுவரடியில் மழைநீர் தேங்காமல் நிலத்தைச் சரித்து விடுவதும், உப்பேறிய பூச்சை முற்றாக அகற்றுவதும் முதலில் நடக்க வேண்டும். பூச்சு அதன் பின்னர்தான்.

கேள்வி: மேல்மாடிக் குளியலறை கட்டி நான்கு ஆண்டுகள். அதற்கு நேர் கீழே ஈரமில்லை. ஆனால் குளியலறையிலிருந்து பல அடி தள்ளியிருக்கும் கீழ்மாடிச் சுவரில் பழுப்பு நிறக் கறை பரவுகிறது. இவ்வளவு தூரம் நீர் எப்படி வரும்? – வாசகர், பாலையூற்று

பதில்: வரும். பல ஆண்டுகளுக்கு முன்னர் உப்புவெளியில் எங்கள் வீட்டில் இதையே அனுபவித்தேன். சாப்பாட்டறைச் சுவரில் கறை தெரிந்ததும், வேலையாளின் சொல்லை நம்பி மூன்று இடங்களில் சுவரைத் திறக்க அனுமதித்தேன். மூன்றிலும் குழாய் உலர்ந்து கிடந்தது. கசிந்தது மேல்மாடிக் குளியலறையின் தரை வடிகால் மூட்டு. அங்கிருந்து கொங்கிறீட் தட்டின் மேலாக ஓடிய நீர், மின்கம்பிகள் செல்லும் பி.வி.சி. குழாய்க்குள் புகுந்து, அதன் வழியே நான்கு மீற்றர் தள்ளி இறங்கியிருந்தது. அன்று குளிக்கும் நேரத்தையும் கறை கறுக்கும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதியிருந்தால் அந்த மூன்று துளைகளும் தேவைப்பட்டிருக்கா. என் தாயார் இருந்தவரை அந்தச் சுவரின் ஒட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தியது.

நீர் தன் எடையால் கீழே போகும். போகும் வழியில் தடை வந்தால் பக்கவாட்டில் ஓடும். கொங்கிறீட் தட்டின் சரிவு, வளையின் ஓரம், மின்கம்பிக் குழாய், சீமெந்துக் கல்லின் உட்குழிவு எல்லாம் அதற்கு வாய்க்கால்கள். உட்குழிவான கற்களால் கட்டிய சுவரில், ஆளுயரத்தில் கசியும் நீர் கல்லின் குழிகளுக்குள்ளாகவே விழுந்து தரையோரத்தில் ஈரமாகத் தெரிவதுண்டு. கறை, நீர் பயணத்தை முடித்த இடம். பயணம் தொடங்கிய இடத்தைக் கறைக்கு மேலேயே தேட வேண்டும்.

உங்கள் வீட்டில் மூன்று வழிகளில் நீர் வரக்கூடும்: அழுத்தத்தோடு நீர் நிற்கும் வழங்கல் குழாய், பயன்படுத்தும்போது மட்டும் நீர் ஓடும் கழிவுக் குழாய், தரைஓடுகளின் இடைவெளியும் அவற்றுக்குக் கீழுள்ள நீர்த்தடுப்புப் படையும். வீட்டில் யாருமில்லாத நாள்களிலும் கறை வளர்ந்தால் முதலாவது. குளித்துச் சில மணித்தியாலங்களின் பின்னர் கறுத்து, ஓரிரு நாள் பயன்படுத்தாதபோது வெளிறினால் மற்ற இரண்டில் ஒன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய, குளியலறைத் தரையை உலர விட்டு, தண்ணீரைத் தரையில் படாமல் வாளியிலிருந்து நேரே வடிகாலுக்குள் ஊற்றுங்கள். கறை கறுத்தால் குழாயின் மூட்டு. கறுக்காவிட்டால், கறை மீண்டும் வெளிறும்வரை பொறுத்திருந்து, வடிகாலைத் துணியாலும் பொலித்தீனாலும் இறுக அடைத்து, சாயம் கலந்த நீரை இரண்டு விரலளவு உயரத்துக்குத் தரையில் கட்டி, 24 மணித்தியாலம் விடுங்கள். இப்போது கறுத்தால் தரை. ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் இரண்டு நாள்களாவது விடுங்கள்; முந்திய நாளின் நீர் இன்றைய விடைக்குள் கலந்துவிடக் கூடாது. கறையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து திகதியையும் எழுதிவிட்டால் வளர்ந்ததா இல்லையா என்ற தர்க்கம் வராது.

பழுப்பு நிறம் பற்றி ஒரு சொல். ஈரம் நீண்ட நாள் நின்ற கொங்கிறீட்டில் கம்பி துருப்பிடிக்கும்போதும் பழுப்புக் கறை வரும். துரு இரும்பைவிடக் கூடிய இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். கறையோடு வெடிப்பும் தெரிந்தாலோ, தட்டிப் பார்க்கும்போது பொள்ளென்ற ஓசை எழுந்தாலோ, கசிவை நிறுத்துவதோடு நின்றுவிடாமல் ஒரு பொறியியலாளருக்கும் காட்டுங்கள்.

கேள்வி: ஈரமான சுவரிலுள்ள ஆளியைத் தொடும்போது மெல்லிய அதிர்வு தெரிகிறது. பெயின்ற் பூசினால் சரியாகுமா? – வாசகி, திருக்கடலூர்

பதில்: இல்லை. இந்த இதழை வாசித்தவுடன் பிரதான ஆளியை நிறுத்துங்கள். ஈரச் சுவரைத் தொடாதீர்கள், பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். தகுதிபெற்ற மின் வேலையாள் வந்து அந்தச் சுற்றைத் துண்டித்துப் பரிசோதித்து, மின்கசிவில் தானாக விழும் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பார்த்த பின்னரே மின்சாரத்தை மீண்டும் கொடுக்க வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது என்ற தேடல் அதற்குப் பிறகு.

கேள்வி: நான் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். தேர்மல் கமராவால் சுவருக்குள் இருக்கும் நீரை எக்ஸ்ரே போலக் காட்டுவதாகக் கூறி ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். இத்தகைய கருவிகளை நம்பலாமா? – வாசகர், நிலாவெளி

பதில்: கருவிகள் நல்லவை. ஆனால் எக்ஸ்ரே போல என்ற சொல் தவறு. தேர்மல் கமரா சுவருக்குள் ஒன்றையும் பார்ப்பதில்லை. சுவரின் மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் நிறங்களாகக் காட்டுகிறது. ஈரமான பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்வதால் அது படத்தில் வேறு நிறமாகத் தெரிகிறது. வெந்நீர்க் குழாய் கசிந்தால் இடம் சூடாகத் தெரியும். இந்தக் கருவி மிக நன்றாக உதவுவது அங்கேதான். காற்றில் ஈரம் நிறைந்து ஆவியாதலே நடக்காத மார்கழி மழைநாளில், சுவர் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது, விலையுயர்ந்த கமராவும் வெறும் ஒற்றை நிறத்தைத்தான் காட்டும். வெயில் பட்ட மேற்குச் சுவர், குளிரூட்டியின் காற்றுப் படும் மூலை, சுவருக்குள் நிற்கும் கொங்கிறீட் தூண் ஆகியவையும் நிற வேறுபாட்டைத் தரும். ஆகவே கமரா காட்டும் இடத்தை வேறொரு கருவியால் உறுதிப்படுத்துகிறாரா என்று அவரிடம் கேளுங்கள்.

அந்த வேறொரு கருவி பெரும்பாலும் ஈரமானியாக இருக்கும். இரண்டு ஊசிகளைக் குத்தி மின்தடையை அளக்கும் வகை மரத்துக்கென அளவு குறிக்கப்பட்டது. உப்பேறிய சுவரில் மின்சாரம் இலகுவாக ஓடுவதால், சிறிதளவு ஈரத்துக்கும் அது மிக உயர்ந்த எண்ணைக் காட்டும். நிலாவெளிக் கடலோரத்தில் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சுவரில் ஓரடிக்கு ஓரடி சோக்கினால் கட்டமிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து, எண்கள் எந்தத் திசையில் ஏறுகின்றன என்று பார்ப்பதே அதன் முறையான பயன். கல்சியம் காபைட்டு முறை உப்புக்கு ஏமாறாது: துளைத்தெடுத்த தூளை மூடிய குடுவையில் கல்சியம் காபைட்டோடு கலக்க, தூளிலுள்ள நீர் அதனோடு தாக்கமுற்று அசற்றலீன் வாயுவைத் தரும், குடுவைக்குள் ஏறும் அழுத்தம் நீரின் அளவைக் கூறும்.

வழங்கல் குழாய் கசிகிறது என்பது இரவுச் சோதனையால் உறுதியான பின்னர், இடத்தைக் காண ஒலி உதவும். சிறு துளையால் அழுத்தத்தோடு வெளியேறும் நீர் சீறும். அந்தச் சீற்றம் குழாயோடு பயணம் செய்யும். ஊர் உறங்கிய நேரத்தில் நீண்ட திருகாணிச் செலுத்தியின் நுனியைக் குழாயிலும் பிடியைக் காதோரத்திலும் வைத்துக் கேட்ட பழைய வேலையாள்களின் முறைதான் இன்றைய நுணுக்கொலிக் கருவிகளிலும் இருக்கிறது. இரண்டு முனைகளில் உணரிகளைப் பொருத்தி, ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் கருவிகளும் உண்டு. ஆனால் இரும்புக் குழாய் ஒலியை நெடுந்தூரம் கொண்டுசெல்வதுபோல் பி.வி.சி. குழாய் கொண்டுசெல்லாது, அதன் மென்மை ஒலியை விழுங்கிவிடும். மேல்தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில் அழுத்தமும் குறைவு: 10 மீற்றர் நீர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார்தான், உங்கள் விடுதியில் அதன் பாதி இருக்கலாம். அவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் சீற்றம் எழாது. எனவே கைப்பம்பியால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு கேட்க வேண்டும்.

எல்லாம் தோற்றபின் மிஞ்சுவது வாயுச் சோதனை. குழாயிலிருந்து நீரை வடித்துவிட்டு, 5 சதவீதம் ஐதரசனும் 95 சதவீதம் நைதரசனும் கொண்ட கலவையைச் செலுத்துவார்கள். இந்த விகிதத்தில் அது தீப்பற்றாது. மூலக்கூறுகளில் மிகச் சிறிய ஐதரசன் கசிவின் வழியே வெளியேறி, சாந்தையும் ஓட்டின் இடைவெளியையும் ஊடுருவி மேலே வரும். மேற்பரப்பில் நகர்த்தும் உணரி அதை முகர்ந்து காட்டும். விலையுயர்ந்த பளிங்குத் தரைகளுக்குக் கீழே குழாய் போகும் இடங்களில் இதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

உங்களுக்கு என் ஆலோசனை: தாங்கி மட்டச் சோதனையையும் வால்வுச் சோதனையையும் முதலில் நீங்களே செய்து, எந்த அறை, எந்தக் குழாய் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவரை அழையுங்கள். அவர் அந்தத் தாளை வாசித்து மேலும் கேள்வி கேட்டால் வேலையைக் கொடுங்கள். தாளைப் பாராமல் கமராவை எடுத்தால் தொகையை யோசியுங்கள்.

கேள்வி: புதிய வீட்டில் குழாய் பொருத்தி முடிந்தது, அடுத்த வாரம் பூச்சு வேலை. இப்போதே செய்யக்கூடியது ஏதும் உண்டா? – வாசகர், செல்வநாயகபுரம்

பதில்: உண்டு, உங்கள் கடிதம் உரிய நேரத்தில் வந்தது. பூச்சு வேலையை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். பசையிட்ட பி.வி.சி. மூட்டுகள் முழு நாளாவது இறுகிய பின்னர், எல்லா வாய்களையும் மூடி, குழாய்களில் நீர் நிரப்பி, மிக உயர்ந்த முனையால் காற்றை வெளியேற்றுங்கள். பின்னர் அழுத்தமானி பொருத்திய கைப்பம்பியால், குழாய் வழமையில் தாங்க வேண்டிய அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றுங்கள். பிளாஸ்ரிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் முள் முதலில் சிறிது இறங்கும். அதைக் கண்டு பதறாமல் மீண்டும் ஒருமுறை ஏற்றி, இரண்டு மணித்தியாலம் கவனியுங்கள். பிறகும் இறங்கினால் ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் துடைத்துப் பாருங்கள். பி.வி.சி. முனைக்குள் பித்தளை முனையை மிகையாக முறுக்கிய இடங்களை முதலில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒவ்வொரு குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு, கைக்கெட்டும் உயரத்தில், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்றே போடச் சொல்லுங்கள். அதன் பின்னர், சுவர்கள் திறந்திருக்கும் இந்த இரண்டு நாள்களுக்குள், குழாய் செல்லும் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பிடித்தபடி படமெடுங்கள். தொலைபேசிகள் மாறும், தொலையும். ஆகவே அச்சிட்ட பிரதி ஒன்றைக் காணி உறுதியோடு ஒரே உறையில் வையுங்கள்.